அறுபத்து நாலு கிலோ

சுமைதாங்கிக் கல்லில் இறக்கி வைத்தபோது பெட்டிக்கு இருந்த கனம் வேறு. திரும்ப எடுத்துத் தலையில் வைத்தபோது இருந்த கனம் வேறு. நடுவில் போனது ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்தான்.

அன்புச்செல்வி எடுத்த காலை வைக்காமல் அப்படியே நின்றாள். தலையிலிருந்த சும்மாட்டுத் துணி காதுப்பக்கம் நசுங்கி இறங்கியது. பன்னிரண்டு வயதில் செங்கல் சூளையில் பச்சைக்கல் சுமக்க ஆரம்பித்த கழுத்து அவளுடையது. அதற்கப்புறம் கட்டிட வேலையில் சித்தாள், அதற்கப்புறம் நாலு வருஷம் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை. மண்டியில் மூட்டையைத் தலையில் ஏற்றியதும் இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாள், எடை மெஷின் அரைக் கிலோ முன்னே பின்னே அதையே காட்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது பெட்டி முப்பத்தெட்டு கிலோ. இப்போது நாற்பத்தைந்துக்குக் குறையாது.

"இன்னாடி, நின்னுட்ட? பஸ்ஸு போயிடப் போவுது" என்றான் ராயப்பன்.

"கனமா இருக்குது மாமா."

"நீதான அமுக்கி அமுக்கி வெச்ச. கருவாட்டுப் பொடி, கேப்பை மாவு, ஊறுகா. அங்க பனியில ஒரு கடையே வைக்கலாம்."

ராயப்பன் பட்டாளத்தில் நாயக். ஒன்பது வருஷ சர்வீஸ். நாற்பது நாள் லீவு முடிந்து திரும்பிப் போகிறான். இந்தத் தடவை மேலே போஸ்டிங். பனிமலை. ஆறு மாசம் போன் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். கல்யாணமான முதல் லீவிலிருந்து அவன் பெட்டியை பஸ் வரைக்கும் அவள்தான் தலையில் தூக்கிக்கொண்டு வருவாள். அவன் கையை வீசிக்கொண்டு பின்னால் வருவான். பட்டாளத்தான் பொண்டாட்டிய வெச்சி மூட்டை தூக்கறான் பாரு என்று காலனியில் கிண்டல் பண்ணுவார்கள். அவன் தோளில் எத்தனையோ மாசத்துக்கு எது எதுவோ ஏறப்போகிறது, இந்த ஒன்றரை மைலாவது சும்மா வரட்டும் என்பது அவள் கணக்கு.

காலனியிலிருந்து ஓமந்தூர் ரோட்டுக்குப் போகிற வழியில் பாதித் தூரத்தில் அந்தக் கல் இருந்தது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன ஒருத்திக்காக எந்தக் காலத்திலோ நட்டது. இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு பலகைக்கல். அவள் இறக்காமல் போன பாரத்துக்குப் பதிலாகப் போகிற வருகிறவர்களாவது இறக்கிவிட்டுப் போகட்டும் என்று. சுமை தூக்குகிற பெண்களிடம் அங்கே ஒரு வழக்கம் உண்டு. கல்லிலிருந்து எடுக்கும்போது சுமையில் ஒரு துளியைக் கல்லுக்கு வைத்துவிட்டு எடுக்க வேண்டும். விறகென்றால் ஒரு சுள்ளி. நெல்லென்றால் நாலு மணி. வெறுமனே எடுக்கக் கூடாது.

"பெட்டியத் தொற மாமா. ஒரு கை மல்லாட்டை வெச்சிட்டு எடுக்கறேன்" என்று எடுப்பதற்கு முன்னால் அவள் கேட்கத்தான் கேட்டாள்.

"கயிறு அவுக்கணும், பூட்டு தொறக்கணும். இன்னிக்கி ஊர் போய்ச் சேந்தாப்புலதான்" என்று சிரித்தான் அவன். அப்புறம் கல்லைப் பார்த்துக் கும்பிடு போட்டு, "இதெல்லாம் மிலிட்டரிக்காரன் சாமான் தாயி, கை வைக்கக் கூடாது. வேணும்னா என்னக் கொஞ்சம் கிள்ளி எடுத்துக்க" என்று தன் முழங்கையைக் கிள்ளி, கிள்ளியதை உப்புப் போடுகிற மாதிரி கல்லின் மேல் உதறினான்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் பெட்டியைத் தூக்கினாள்.

மதியம் இரண்டரை மணி வெயில். பிடுங்கிப் போட்ட மல்லாட்டைக் கொடி இரண்டு பக்கமும் காய்ந்து, அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறி, தார் ரோட்டுச் சூடு செருப்பின் அடிவழியாக உள்ளங்காலைச் சுட, பின்னால் எப்போதும் கேட்கிற அவன் செருப்புச் சத்தத்துக்காக அவளையறியாமல் காது கொடுத்துக்கொண்டே அன்புச்செல்வி நடந்தாள். கனமான மனிதன் நடக்கிற சத்தம் அவனுடையது. சரளையை நறநறவென்று மிதித்துக்கொண்டு வருவான். இன்று அது கேட்டது, ஆனால் தூரத்திலிருந்து வருகிற மாதிரி கேட்டது. கழுத்தைத் திருப்ப முடியாது, தலையில் பெட்டி.

"மாமா, பக்கத்துல வா."

"பக்கத்துலதான வர்றேன்."

குரல் காதுக்குப் பின்னாலேயே இருந்தது.

ரோட்டு முனை வந்து சேர்வதற்குள் பெட்டி ஐம்பதைத் தாண்டியிருந்தது. கல்லிலிருந்து கூப்பிடு தூரம் வந்ததும் ஒரு தரம், ஓடைப் பாலத்தில் ஒரு தரம், யாரோ பின்னாலிருந்து ஒரு செங்கல்லை ஓசைப்படாமல் மேலே வைக்கிற மாதிரி அது ஏறிக்கொண்டே வந்ததை அவள் கழுத்து எண்ணியிருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கிளம்புகிற நேரத்தில் என்ன பேச்சு என்பான்.

பாண்டிச்சேரியிலிருந்து திண்டிவனம் போகிற பஸ் வந்தது. கண்டக்டர் பெட்டியின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கிவிட்டு, பிடித்த வேகத்தில் கீழே விட்டான்.

"இன்னாம்மா இது, உள்ள அம்மிக்கல்லா? இத்தையா தலையில தூக்கினு வந்த?"

படியில் நின்றிருந்த இரண்டு பேர் கை கொடுத்தார்கள். ராயப்பனும் ஒரு பக்கம் பிடித்தான். அவன் பிடித்த பக்கம்தான் தரையை விட்டு எழும்பவே இல்லை. முகம் சிவந்துபோய்க் கையை உதறினான். "லீவுல தின்னுட்டுத் தூங்கினதுல உடம்பு வுட்டுப்போச்சு" என்றான்.

ஜன்னலோரம் அவனும் பக்கத்தில் அவளும் உட்கார்ந்தார்கள். ஸ்பிரிங் தளர்ந்த பழைய சீட்டு. எப்போதும் அவன் உட்கார்ந்ததும் அவன் பக்கம் பள்ளமாகும், அவள் சரிந்து அவன் தொடையில் போய் இடிப்பாள், அவன் கண்ணடிப்பான். ஆறு வருஷமாக நடப்பது. இன்று பள்ளம் அவள் பக்கம் விழுந்தது. அவன்தான் சரிந்து வந்தான். அவன் தோள் அவள் தோளில் பட்டது, கொடியில் காய்ந்த சட்டை காற்றில் நகர்ந்து மேலே பட்ட மாதிரி.

அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது. காப்புக் காய்ச்சிய உள்ளங்கை, நகத்தோரம் பிளந்த தோல், எல்லாம் அவன் கைதான். கனம்தான் இல்லை.

"மாமா, உனக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்குது. சொன்னா நம்ப மாட்ட செல்வி, எப்பவும் லீவு முடியற அன்னிக்கி ஒடம்பு கல்லு மாதிரி இருக்கும். கால எடுத்து வைக்க முடியாது. இன்னிக்கி அப்படி இல்ல. லேசா இருக்குது."

அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். அவள் அவன் கையை விடாமல் இறுக்கிப் பிடித்தாள்.

போன வருஷம் கண்டமங்கலம் பக்கத்தில் தமிழ்மணி என்று ஒருத்தன். அதே பனிமலையிலிருந்து வந்தான், கொடி போர்த்திய பெட்டியில். அவளும் ராயப்பனோடு போயிருந்தாள். எல்லாரும் அழுதார்கள், அவள் தூக்கி வந்த ஆறு சிப்பாய்களின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுமக்கிறவன் கழுத்து பொய் சொல்லாது. நரம்பு புடைக்கவில்லை. அந்தப் பெட்டிக்கு மரத்தின் கனம் மட்டும்தான் இருந்தது. ஆள் கனம் இல்லை. ஊருக்குத் திரும்பியும் அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆளின் கனம் எங்கே போயிருக்கும் என்று மட்டும் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறாள்.

"மாமா, போவாத."

"இன்னாது?"

"இன்னிக்கி போவாத. ரெண்டு நாள் கழிச்சிப் போ. ஜொரம்னு சொல்லு."

"லூசா நீ? ஒரு நாள் லேட்டுன்னாலே ஒம்போது கேள்வி. ரெண்டு நாள்னா மிலிட்டரி போலீசு வூட்டுக்கு வரும். ஒம்போது வருஷ சர்வீஸ்டீ. நம்ம பொண்ணு அஸ்வினிக்கு ஸ்கூல் பணம் யாரு, ஒங்கப்பனா கட்டுவான்?" என்று சிரித்து, அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "ஆறு மாசம்தான. அழுவாத. பஸ்ஸுல பாக்கறாங்க."

பஸ் பிரேக் போட்டது. எல்லாரும் முன்னால் சாய்ந்து பின்னால் வந்தார்கள். அவன் முன்னால் போனான். கம்பியில் இடித்துத் திரும்பி வர நேரமாயிற்று. இடித்த சத்தமே கேட்கவில்லை.

ஸ்டேஷன் ரோட்டில் மண்டிக்கு எதிரிலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினாள் அன்புச்செல்வி. ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பெட்டியை இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. மண்டியில் மூட்டை எடை போடுகிற அப்பாதுரை தள்ளுவண்டியோடு வந்தார். அறுபது வயதுக் கிழவர், அவளோடு நாலு வருஷம் வேலை பார்த்தவர்.

"வா செல்வி. இன்னா, பட்டாளத்தார கப்பல்ல ஏத்தறியா?"

"பெரிப்பா, இந்தப் பெட்டிய மெஷினுல வை. எடை பாக்கணும்."

"ரயிலுக்கு எதுக்கும்மா எடை?"

"வைய்யேன்."

உள்ளே இருட்டாக, மல்லாட்டைத் தோல் தூசு தொண்டையை அடைக்க, குவியல் ஓரமாக எலிகள் சரசரக்கிற அதே பழைய மண்டி. நாலு ஆளாகப் பெட்டியைத் தூக்கி மெஷின் பலகையில் வைத்தார்கள். சிவப்பு எண் ஓடி நின்றது.

86.4.

அப்பாதுரை பெட்டியைச் சுற்றி வந்தார். "இத்தையா தூக்கினு வந்த?"

பெட்டியைக் கீழே இறக்கச் சொன்னாள். புருஷனைப் பார்த்தாள்.

"நீ ஏறு மாமா."

"நான் எதுக்குடி?"

மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாதுரைக்குக் குஷியாகிவிட்டது. "புருஷன எடைக்குப் போட வந்தியா? அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா. கிலோ இன்னா ரேட்டு வெச்சிருக்க? தோலோடயா, உரிச்சதா?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராயப்பனும் சிரித்துக்கொண்டே பலகையில் ஏறி, அட்டென்ஷனில் நின்று, சல்யூட் வைத்தான். லீவுக்கு முன்னால் மெடிக்கலில் அவன் எடை அறுபத்து நாலு.

எண் ஓடியது. நின்றது.

15.6.

சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. அப்பாதுரை ராயப்பனை இறங்கச் சொல்லி, பொத்தானை அழுத்திப் பூஜ்யம் ஆக்கி, இருபது கிலோ படிக்கல்லைத் தூக்கி வைத்தார். 20.0. எடுத்தார். பூஜ்யம். மறுபடி வைத்தார். 20.0.

"கரண்டு ஏறி இறங்குது. மெஷினு பேஜாரு" என்றார். யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

எண்பத்தாறு புள்ளி நாலும் பதினைந்து புள்ளி ஆறும். அன்புச்செல்வி மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். முப்பத்தெட்டும் அறுபத்து நாலும். எப்படிக் கூட்டினாலும் நூற்றிரண்டு. எதுவும் எங்கேயும் சிந்திப் போகவில்லை.

"சாவியக் குடு."

"செல்வி, டைம் ஆவுது..."

"சாவியக் குடு மாமா!"

அவள் அவனிடம் அப்படிக் கத்தியதில்லை. கொடுத்தான். அவளே கயிற்றை அறுத்தாள், பூட்டைத் திறந்தாள். மூடி கிறீச்சிட்டது. நாப்தலீன் உருண்டை வாடையும் கருவாட்டு வாடையும் சேர்ந்து வந்தன. மேலே அவள் மடித்து வைத்த கம்பளிச் சட்டை. அதன் கீழே பனியன். ஊறுகாய் பாட்டில். கேப்பை மாவுப் பை. மல்லாட்டை. பூட்ஸ். ஜெபமாலை. ஒவ்வொன்றாக எடுத்துக் கோணிமேல் வைத்தாள். அவள் வைத்ததற்கு மேல் ஒரு பொருள் இல்லை. பெட்டியின் தகர அடி தெரிந்தது. ஒரு மூலையில் கொஞ்சம் மல்லாட்டைத் தோல். அவ்வளவுதான்.

"பாத்தியா? ஒண்ணும் இல்ல. போதுமா?" என்றான் ராயப்பன்.

"தூக்கி மெஷினுல வைங்க."

வெறும் பெட்டி. இரண்டு பேர் பிடித்தார்கள், முடியவில்லை. மூன்றாவது ஆள் வந்தான். பலகையில் வைத்தபோது மெஷின் ஒரு தரம் முனகியது.

73.0.

தகரம் ஒன்பது கிலோ. மீதி அறுபத்து நாலு, அவனிடம் மிஞ்சியிருந்ததும் சேர்ந்து.

ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒருத்தி பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அப்பாதுரை கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். ராயப்பன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். அவன் குனிந்தபோது, மேலே சுற்றிய ஃபேன் காற்றில் அவன் உடம்பு முழுசும் லேசாக ஒரு பக்கம் நகர்ந்து நின்றது.

சூளையில் பச்சைக்கல் பலகையில் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வார்கள்? கவிழ்ப்பார்கள். அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பெட்டியின் காதைப் பிடித்துக் காலை ஊன்றி, பல்லைக் கடித்து, மெஷின் மேலிருந்து அதை அப்படியே புரட்டிக் கவிழ்த்தாள். தகரம் தரையில் மோதி மண்டி முழுக்க அதிர்ந்தது. நாலு தட்டுத் தட்டினாள். தோல் தூசு விழுந்தது. வேறெதுவும் விழவில்லை.

நிமிர்த்தினாள். ஒரு கையால் நிமிர்த்த முடிந்தது. ஒரு கையாலேயே தூக்கி மெஷினில் வைத்தாள்.

9.0.

"போச்சு" என்றாள். "போச்சு மாமா. போயிடுச்சி." சிரிப்பும் அழுகையுமாக மூக்கைச் சிந்தினாள். அப்பாதுரையும் மூச்சு விட்டார். "நான்தான் சொன்னேனே, கரண்டு..."

"நீ ஏறு. ஒரு தரம். ஒரே ஒரு தரம்."

"வண்டி விழுப்புரத்த எப்பவோ வுட்டுடுச்சிம்மா, ஜல்தி போங்க" என்றார் அப்பாதுரை. ராயப்பன் அதற்குள் சாமானை அள்ளிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டான். அவன் மெஷின் பக்கமே திரும்பவில்லை. திரும்பாததை அவள் பார்த்தாள்.

பெட்டி தலையில் ஏறியது. முப்பத்தெட்டு. கிளம்பும்போது இருந்த அதே முப்பத்தெட்டு. ஓடினாள். ஸ்டேஷன் வாசல், படிக்கட்டு, பிளாட்பாரம். வெயில் சாய்ந்து தண்டவாளம் பளபளத்தது. கனம் கூடவே இல்லை. கர்த்தரே, கூடவே இல்லை. அவனுக்கே திரும்பிப் போயிருக்கும். வேறெங்கே போகும்?

ரயில் வந்தது. இரண்டே நிமிஷம் நிற்கும். பெட்டியைக் கதவோரம் தள்ளினாள். அவன் ஏறினான், ஒரே எட்டில், கைப்பிடியைத் தொட்ட மாதிரிகூடத் தெரியவில்லை. படியில் நின்று குனிந்து அவள் உச்சந்தலையில் கை வைத்தான். எத்தனை பேர் பார்த்தாலும் அவன் விடைபெறுகிற விதம் அது.

கை வைத்தான் என்று கண்ணுக்குத்தான் தெரிந்தது.

"மாமா, எறங்கு."

"போன் பண்றேன். மெட்ராஸ் போனதும் பண்றேன்."

"எறங்கு மாமா, எறங்கிடு!"

ஊதியது. நகர்ந்தது. அவள் கூடவே ஓடினாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கையாட்டினான். வேகம் எடுத்தது. காற்று எடுத்தது. முதலில் அவன் சட்டை படபடத்தது. அப்புறம் செருப்பு படியை விட்டது. ஒரு கால். இரண்டு கால். கம்பியைப் பிடித்த ஒரு கையில், கொடியில் காயப்போட்ட துணியைப் போல, அவன் நீளமாக ரயிலோடு ஒட்டிப் பறந்தான். முகம் அவள் பக்கம். கை ஆட்டிக்கொண்டே இருந்தது. சிரிப்பு மாறவில்லை. அவனுக்குப் பின்னால் கதவடியில் ஒருத்தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசிப் பெட்டி போனது.

பிளாட்பாரம். தூசு. அவள்.

அப்போது கழுத்து இறங்கியது.

தலையில் ஒன்றுமில்லை. சும்மாட்டுத் துணி மட்டும். ஆனால் கழுத்து இறங்கியது, முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக இறுகியது, முட்டி மடங்கியது. பதினைந்து வருஷப் பழக்கம், கை தானாக மேலே போய்ப் பிடித்தது. பெட்டி இல்லை இது. பெட்டியைவிட நீளம். முன்னால் கொஞ்சமும் பின்னால் நிறையவும் சரிந்து தொங்கியது. நடுவில் உறுதி. ஓரத்தில் தொய்வு. குளிர்ந்து கிடந்தது. எத்தனை கிலோ என்று அவள் கழுத்து சொன்னது.

ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. பெஞ்சிலிருந்த காலேஜ் பிள்ளைகள், வெறுங்கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்து நடுங்க நடக்கிற பொம்பளையைப் பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்தான்.

அவள் மண்டியில் விட்டுவிட்டு வந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அப்பாதுரை படியேறி வந்தார்.

"பெரிப்பா." குரல் வெளியே வரவில்லை. "ஒரு கை புடி பெரிப்பா. இறக்கணும்."

கிழவர் அவளைப் பார்த்தார். அவள் தலைக்கு மேலே பார்த்தார். வெறும் வானம். அழுது குழம்பிப்போன பெண்ணுக்கு ஆறுதலாக, "சரிம்மா, சரி, இந்தா புடிச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினார்.

கைகள் பாதியில் நின்றன.

தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து உருண்டது. காற்றில் அவர் விரல்கள் எதன் மேலோ மெல்ல நகர்ந்தன. தடவின. நின்றன. கொஞ்சம் மேலே போயின. மறுபடி நின்றன. கிழவரின் வாய் திறந்தபடியே இருந்தது. அப்புறம் வலது கைக் கட்டைவிரலால், மேலிருந்து கீழாக, பதமாக, ஒரு இமையை மூடினார். இன்னொன்றையும் மூடினார்.